நெட்வொர்க் ஸ்விட்சில் முன்னுரிமை அமைத்த அனுபவங்கள்: சிங்கப்பூரில் உங்கள் இடத்தில் என்ன நடந்தது?

துவாஸிலிருந்து:

இங்கே ஒரு கிடங்கில் இரவு ஷிப்டில் ஐபி ஃபோன் எடுத்தாலே குரல் வெட்டி வெட்டி வரும். லாரிக்காரரிடம் கண்டெய்னர் எண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிய நிலை. கிராஃபில் பார்த்தால் அப்லிங்க் (ஸ்விட்சிலிருந்து மேலே போகும் இணைப்பு) 20 சதவீதம்கூட நிரம்பவில்லை. அதனால் ஃபோன்தான் பழுது என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள்.

அந்த கிராஃப் காட்டுவது 5 நிமிடச் சராசரி. நெரிசல் சில மில்லிசெகண்டில் வந்து போய்விடும். 10 ஜிகாபிட்டில் இருக்கும் சர்வர் ஒரு மெகாபைட்டைத் தள்ள 0.8 மில்லிசெகண்ட் போதும். அது 1 ஜிகாபிட் அப்லிங்கில் வெளியேற 8 மில்லிசெகண்ட் வேண்டும். மிச்சம் கிட்டத்தட்ட 0.9 மெகாபைட், அதுவரை ஸ்விட்சின் தற்காலிக நினைவகமான பஃபரில் நிற்க வேண்டும். இடம் தீர்ந்தால் அடுத்து வரும் பாக்கெட் விழும், அது பேக்கப்போ பேச்சோ. பேக்கப் என்றால், விழுந்ததை டிசிபி நெறிமுறை மறுபடி அனுப்பிக்கொள்ளும். 20 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக வரும் குரல் பாக்கெட்டுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

"க்யூஓஎஸ் போட்டாச்சே" என்றார்கள். எந்தப் பாக்கெட்டுக்கு முன்னுரிமை என்று ஸ்விட்சில் சொல்லும் அமைப்பு அது. போட்டிருந்தது உண்மைதான். போர்ட்டை மிரர் செய்து (அதில் போவதை நகலெடுத்து) பார்த்தபோது, பாக்கெட்டின் முன்னுரிமைக் குறியீடான டிஎஸ்சிபி, ஃபோனிலிருந்து குரலுக்கான 46 என்று கிளம்பியது, அப்லிங்கில் 0 ஆக வந்தது. அந்த ரக ஸ்விட்சில் க்யூஓஎஸ்ஸை இயக்கிவிட்டு போர்ட்டில் டிரஸ்ட் (வரும் குறியீட்டை நம்பு என்ற அமைப்பு) கொடுக்காவிட்டால் அதை அழித்துவிடும். போதாததற்கு பஃபரையும் நான்கு க்யூவாக (வரிசையாக) கூறுபோட்டுவிடுவதால், க்யூஓஎஸ் இல்லாதபோதை விட டிராப் (பாக்கெட் விழுவது) கூடும். ஃபோன் இருக்கும் போர்ட்டில் மட்டும் டிரஸ்ட் கொடுத்து, அப்லிங்கில் 46-ஐ முன்னுரிமை க்யூவுக்கு அனுப்பினோம். பேக்கப் ஓடும்போதே பேசிப் பார்த்தோம், குரல் தெளிவாக வந்தது. இப்போது நான் முதலில் பார்ப்பது க்யூ வாரியான டிராப் கணக்கைத்தான், கிராஃபை அல்ல.

உபியிலிருந்து:

அண்ணே, எங்களுக்கு நேர் எதிர். கேமரா அமைத்த ஒப்பந்ததாரர் எல்லா கேமராவுக்கும் 46 கொடுத்துவிட்டுப் போய்விட்டார். 46 போகும் ஸ்ட்ரிக்ட் க்யூ, அதாவது முன்னுரிமை க்யூ, காலியாகும் வரை மற்ற க்யூக்களுக்கு முறையே வராது. கணக்குப் பிரிவு மென்பொருள் அப்படியே உறைந்து நின்றது. வீடியோவை 34-க்கு மாற்றி, எடைபோட்டுப் பங்கிடும் க்யூவில் வைத்தோம். குரல் க்யூவுக்கும் ஒரு உச்சவரம்பு போட்டோம். ஒரு அழைப்புக்கு 100 கிலோபிட்கூட ஆகாது, அதனால் சிறிய வரம்பே போதும்.

தை செங்கிலிருந்து:

டேட்டா சென்டரில் கதையே வேறு. ஸ்டோரேஜுக்கு ரோக்கி (RoCE, நெட்வொர்க் வழியே இன்னொரு கணினியின் நினைவகத்தை நேரடியாக அணுகும் முறை) ஓடுகிறது, பாக்கெட் விழவே கூடாது. அதனால் பிஎஃப்சி போட்டு, பஃபர் நிரம்பினால் அந்த முன்னுரிமைக்கு மட்டும் "நிறுத்து" என்று பின்னால், அனுப்பும் பக்கத்துக்கு, சொல்ல வைக்கிறோம். ஒரு சர்வர் மந்தமானால் அந்த "நிறுத்து" ஸ்விட்ச் ஸ்விட்சாகப் பின்னால் பரவி, சம்பந்தமே இல்லாத சர்வர்களையும் நிறுத்திவிடும். எங்களுக்கு அதுதான் நடந்தது.

துவாஸிலிருந்து:

நெரிசல் தெரிந்ததும் அனுப்புபவரை வேகம் குறைக்கச் சொல்லும் ஈசிஎன் போட்டிருந்தீர்களா தம்பி?

தை செங்கிலிருந்து:

இருந்தது அண்ணே, ஆனால் அதன் வரம்பு பிஎஃப்சி வரம்பைவிட மேலே இருந்தது. வேகத்தைக் குறைக்கச் சொல்வதற்கு முன்பே பிஎஃப்சி நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தது. ஈசிஎன் வரம்பைக் கீழே இறக்கினோம், நின்றே கிடக்கும் க்யூவைக் கண்டு விடுவிக்கும் பிஎஃப்சி வாட்ச்டாக்கையும் இயக்கினோம். "நிறுத்து" என்று சொல்லும் பாஸ் (pause) ஃபிரேம்களின் கணக்கு ஏறுவது அதன்பிறகு அடங்கியது. வழியில் ஒரு ஸ்விட்ச், ரோக்கிக்கு நாங்கள் கொடுத்த டிஎஸ்சிபி 26-ஐ வேறு க்யூவில் போட்டாலும் எல்லாம் வீண், அதனால் இரு முனைக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு ஸ்விட்சிலும் எந்தக் குறியீடு எந்த க்யூவுக்கு என்ற மேப்பிங்கைச் சரிபாருங்கள்.