டைனோவில் ஏறி இறங்கிய க்ரூசர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

டைனோ என்றால் பின் சக்கரத்தை உருளைமேல் ஓட்டி இன்ஜினின் விசையை அளக்கும் கருவி. அதில் அளந்தபடி பெட்ரோல் அளவையும் டைமிங்கையும் திருத்தும் டைனோ டியூனிங்கைச் செய்துகொண்டவர்களில் பலர் கையில் ஒரு காகிதத்தோடு வந்து, எத்தனை குதிரைத்திறன் கூடியது என்றுதான் பேச்சையே தொடங்குகிறார்கள். நீண்ட தூரம் நிதானமாகப் போகும் க்ரூசர் வண்டியை ஓட்டுபவனுக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை என்பது என் கட்சி. 5,000 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) கிடைக்கும் உச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாம் நாள் முழுக்க ஓட்டுவது 2,000-க்கும் 3,500-க்கும் இடையில், ஆக்சிலரேட்டரைக் கால்வாசிகூடத் திருகாமல். அந்த இடத்தில் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என்னுடையது மில்வாக்கி-எய்ட் இன்ஜின் பொருத்திய ஹார்லி, 1,745 சிசி. எனக்கு விற்றவர் சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியிருந்தார், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவைத் தொடவில்லை. சத்தம் கம்பீரமாக இருந்தது, ஓட்டம் அப்படி இல்லை. 2,500-ஐ ஒட்டி ஒரு தயக்கம், ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சரில் படபடவென வெடிப்பு, வலது தொடைக்கு அடுப்பங்கரைச் சூடு.

காரணம் எளிது. இந்த இன்ஜினில் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. உறிஞ்சு குழாயின் அழுத்தம், வெப்பநிலை, ஆர்பிஎம் ஆகியவற்றை வைத்து, இவ்வளவு காற்று போயிருக்கும் என்று ஈசியூ ஓர் அட்டவணையைப் பார்த்துக் கணக்கிடுகிறது. முன் சிலிண்டருக்கு ஓர் அட்டவணை, பின் சிலிண்டருக்கு வேறொன்று. ஃபில்டரும் சைலன்சரும் மாறியதும் உண்மையான காற்றின் அளவு மாறிவிட்டது. அட்டவணைக்கு அது தெரியாது. ஆக்சிஜன் சென்சார் ஓரளவு திருத்தும். ஆனால் தொழிற்சாலையில் பொருத்திய சென்சார் 14.7-க்கு 1 என்ற காற்று-பெட்ரோல் விகிதத்தின் அக்கம்பக்கத்தில்தான் நம்பகமானது. முழு விசையில் இன்ஜினுக்குத் தேவைப்படும் 13-ஐ ஒட்டிய விகிதத்தை அதனால் சரியாகப் படிக்க முடியாது.

டியூனர் வண்டியை வாங்கிக்கொண்டு வெகுநேரம் டைனோ பக்கமே போகவில்லை. பின் டயரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், காற்றழுத்தம் சரிபார்த்தார், பெல்ட்டை விரலால் அழுத்தினார், ஆயிலைப் பார்த்தார். பிறகு டார்ச்சோடு தரையில் உட்கார்ந்து, பின் சிலிண்டரிலிருந்து எக்ஸாஸ்ட் குழாய் கிளம்பும் இடத்தைக் காட்டினார். மெல்லிய கரிக்கோடு. கேஸ்கெட் கசிகிறது. அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே போனால், இன்ஜின் பெட்ரோல் போதாமல் ஓடுவதாகச் சென்சார் தவறாகப் புரிந்துகொள்ளும். அந்தப் பொய்யை நம்பி டியூன் செய்தால் மொத்த உழைப்பும் வீண் என்றார். கேஸ்கெட் மாற்றியதுமே வெடிப்புச் சத்தம் பாதி போய்விட்டது. இன்னும் ஓர் எண்ணைக்கூட அவர் மாற்றியிருக்கவில்லை!

அதன் பிறகுதான் முன் சக்கரத்தைக் கவ்வியில் நிறுத்தி, பட்டைகளால் இழுத்துக் கட்டி, எதிரே பெரிய மின்விசிறியை வைத்தார். முதல் ஓட்டத்தில் பின் சக்கரத்தில் 78 குதிரைத்திறன், 138 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நான் எதிர்பார்த்தது இப்படி முறுக்கி முறுக்கி ஓட்டுவதைத்தான். அவர் செய்ததோ வேறு வேலை. உருளையில் பிரேக் கொடுத்து இன்ஜினை 2,250-இல் பிடித்து நிறுத்தி, ஆக்சிலரேட்டரை இம்மி இம்மியாகத் திறந்து, திரையில் அந்த அட்டவணையை ஒவ்வொரு கட்டமாகத் திருத்தினார். அடுத்து 2,500, அடுத்து 2,750. பார்ப்பதற்குச் சலிப்பான வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஓரிடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆர்பிஎம் அசையவில்லை, அவர் கையும் அசையவில்லை. தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கை இரண்டு டிகிரி முன்னால் தள்ளினார். அதே வேகத்தில் இன்ஜினின் குரல் தடித்தது, திரையில் முறுக்குவிசை ஏறியது. இன்னும் இரண்டு டிகிரி தள்ளினார், எண் ஏறவில்லை. உடனே பின்வாங்கினார். ஏறாத இடத்தில் டைமிங்கைத் தள்ளி வைப்பது பெட்ரோல் தானாக வெடித்து இன்ஜினைத் தட்டும் நாக்கிங்கை விருந்துக்கு அழைப்பது போல என்றார்.

கடைசி ஓட்டத்தில் 86 குதிரைத்திறன், 151 நியூட்டன் மீட்டர். காகிதம் எங்கோ இருக்கிறது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது: ஐந்தாவது கியரில் நிதானமாகப் போகும்போது முன்னால் போகும் லாரியைக் கடக்க இப்போது கியர் குறைக்க வேண்டியதில்லை. தொடைச்சூடும் தணிந்திருக்கிறது.

*

காகிதம் எங்கோ இருக்கிறது என்று நண்பர் சொன்னது பிடித்திருக்கிறது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தால் சில ஏமாற்றுகளிலிருந்து தப்பலாம்.

என் வண்டியை ஒரே மாதத்தில் இரண்டு டைனோக்களில் ஏற்றினேன். இடையில் எதையும் மாற்றவில்லை. இரண்டாவது இடத்தில் மூன்று குதிரைகள் கூடுதலாக வந்தன. காகிதத்தின் மூலையைப் பார்த்தால் விடை இருந்தது. முதலாவதில் எஸ்ஏஇ திருத்தம், இரண்டாவதில் எஸ்டிடி. அன்றைய வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றைச் சமன் செய்யத்தான் இந்தத் திருத்தங்கள். எஸ்ஏஇ 25 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொள்கிறது. எஸ்டிடி ஏறத்தாழ 15.5 டிகிரியை. எஸ்டிடி கொள்ளும் காற்று குளிர்ந்தது, அழுத்தமும் சற்றுக் கூடுதல், ஆக அடர்த்தியானது என்பதால் எஸ்டிடி எண் எப்போதும் சுமார் 4 சதவீதம் தூக்கலாகவே வரும். ‘முன்’ அளவை எஸ்ஏஇ-யிலும் ‘பின்’ அளவை எஸ்டிடி-யிலும் அச்சிட்டுக் கொடுத்தால், ஒன்றும் செய்யாமலே வண்டிக்குச் சக்தி கூடிவிடும்.

இன்னொரு சோதனை. குதிரைத்திறனும் பவுண்டு-அடியில் முறுக்குவிசையும் ஒரே அளவுகோலில் வரையப்பட்ட படமென்றால், இரண்டு கோடுகளும் 5,252 ஆர்பிஎம்மில் வெட்டிக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று ஜேம்ஸ் வாட் குதிரைத்திறனுக்கு வைத்த அளவை 2π-ஆல் வகுத்தால் வருவது அது. வேறிடத்தில் வெட்டினால் படத்தில் ஏதோ கோளாறு. நியூட்டன் மீட்டரில் வரைந்த படத்துக்கு இது பொருந்தாது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

*

உங்கள் எல்லோருடைய வண்டியிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது. என்னுடையது கார்புரேட்டர். டைனோவுக்கு எதற்கு என்று மெக்கானிக்கே சிரித்தார்.

ஸ்பார்க் ப்ளக்கின் நிறத்தைப் பார்த்தே காலம் முழுக்க, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை மாற்றிவந்தவன் நான். ப்ளக் பொய் சொல்லாது, ஆனால் முழு உண்மையையும் சொல்லாது. ஐடிலிலிருந்து கால்வாசி வரை பைலட் ஜெட், அங்கிருந்து முக்கால்வாசி வரை ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட் என்று கார்புரேட்டருக்குள் ஆட்சி கைமாறிக்கொண்டே இருக்கும். ப்ளக்கைக் கழற்றிப் பார்க்கும்போது எந்த ஆட்சியின் கறை என்று சொல்வது கடினம். டைனோவில் சைலன்சருக்குள் சென்சார் விட்டு ஓட்டியதும் பட்டென்று தெரிந்தது: மெயின் ஜெட் சரி, பைலட்டும் சரி, நடுவில் மட்டும் பெட்ரோல் அதிகம். ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினார்கள். ஊசி அந்த அளவு கீழே இறங்கியது. செய்த மாற்றம் அவ்வளவுதான். இப்போது வண்டி முனகாமல் இழுக்கிறது. கம்ப்யூட்டர் வேண்டாதவர்களுக்கும் டைனோ வேண்டும்.

*

நல்ல கதைகளாகவே வருகின்றன. என்னுடையதையும் கேளுங்கள்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. காலையில் விட்ட வண்டியை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எடுத்துப் போகலாம் என்றார்கள். அப்போதே சந்தேகம் வந்திருக்கலாம் என்று பிறகு பலரும் அறிவுரை சொன்னார்கள். டைனோவை அதுவரை கண்ணால்கூடக் காணாதவனுக்கு எப்படித் தெரியும்? முழு ஆக்சிலரேட்டரில் சில ஓட்டங்கள், அழகான வண்ணக் காகிதம், 9 குதிரைத்திறன் அதிகம். முழுதாகத் திருகினால் அது உண்மைதான். ஆனால் நெரிசலில் ஊர்ந்து போகும்போது வண்டி வெட்டி வெட்டி இழுத்தது, சிக்னலில் பெட்ரோல் வாடை அடித்தது, மைலேஜ் கண்ணெதிரே சரிந்தது. முழு விசைக்கான வரிசையை மட்டும் திருத்திவிட்டு, மற்றக் கட்டங்களை எல்லாம் குத்துமதிப்பாக ஒரே சதவீதத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

திருத்தித் தரச் சொல்லி, அந்த அட்டவணைகள் அடங்கிய மேப் கோப்பைக் கேட்டேன். அது எங்கள் சொத்து என்றார்கள். என் வண்டி, என் பணம், என் மென்பொருள் லைசென்ஸில் ஏற்றிய கோப்பு! வாக்குவாதம் எங்கும் போய்ச் சேரவில்லை.

இரண்டாவதாகப் போன டியூனர் இரு சிலிண்டர் குழாய்களிலும் தனித்தனியாகச் சென்சார் வைத்து அளந்தார். முன் சிலிண்டர் பெட்ரோலில் மூழ்கியிருந்தது, பின் சிலிண்டர் பெட்ரோல் போதாமல் காய்ந்திருந்தது. இரண்டு சிலிண்டர்கள் V வடிவில் நிற்கும், காற்றால் குளிரும் வி-ட்வின்னில் பின் சிலிண்டருக்குத்தான் காற்று குறைவாகக் கிடைக்கும். அதைக் காயவிட்டால் சூடு எவ்வளவு ஏறும் என்று விளக்க வேண்டியதில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார், பாராட்டுகிறேன். என் குழாய்கள் குட்டையானவை, உள்ளே தடுப்பு இல்லாதவை. அதனால் 2,800-ஐ ஒட்டி முறுக்குவிசையில் ஒரு பள்ளம் இருக்கிறது. “இது குழாயின் குணம், மேப்பால் முழுதாக நிரப்ப முடியாது. ஓரம் மட்டும் தட்டித் தருகிறேன்” என்றார். நிரப்பிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

ஆகவே கடைக்குப் போகும் முன் மூன்றைக் கேளுங்கள். பாதி விசையில் கட்டம் கட்டமாகத் திருத்துவீர்களா, வெறும் உச்ச ஓட்டம்தானா? உருளையில் பிரேக் உண்டா? கோப்பு எனக்குக் கிடைக்குமா? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளித்தால் வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

*

ஒரு சந்தேகம். என்னுடையது ராயல் என்ஃபீல்ட் மீட்டியோர் 350. எதையும் மாற்றவில்லை. டைனோ டியூன் செய்தால் வித்தியாசம் தெரியுமா? வாரன்ட்டி போகுமா?

*

முதலில் எழுதியவன்தான் பதில் சொல்கிறேன். உங்கள் வண்டியின் 20.2 பிஎச்பி (குதிரைத்திறன்) 6,100 ஆர்பிஎம்மில் வருகிறது. 27 நியூட்டன் மீட்டரோ 4,000-இலேயே வந்துவிடுகிறது. க்ரூசருக்கு வேண்டியபடி கீழேயே விசை கிடைக்கும் இன்ஜின். காற்று வழியையும் புகை வழியையும் மாற்றாதவரை அந்த அட்டவணை உங்கள் வண்டிக்கே எழுதப்பட்டது. திருத்துவதற்குப் பெரிதாக எதுவும் இருக்காது. காசை டயரிலும் பிரேக் பேடிலும் போடுங்கள்.

வாரன்ட்டியைப் பொறுத்தவரை, ஈசியூவில் கை வைத்தது தெரிந்தால் இன்ஜின் தொடர்பான கோரிக்கைகளை நிறுவனம் மறுக்க வாய்ப்புண்டு. எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. புகை விதிகளையும் விளையாட்டாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் விதிக்கு ஒவ்வாத டியூனர் கருவிகளை விற்றதாக ஹார்லி மீதே நடவடிக்கை எடுத்தார்கள், 2016-இல் 1.2 கோடி டாலர் அபராதத்துக்கு அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

*

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டை மாற்றக் கொடுத்திருக்கிறேன், அடுத்து டைனோதான். எந்தப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போவது?

*

எப்போதும் போடுவதை. நாக்கிங்கைத் தாங்கும் உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலில் டைமிங்கை முன்தள்ளி டியூன் செய்துவிட்டு, பிறகு சாதாரணப் பெட்ரோல் ஊற்றினால் நாக்கிங் வரும். எத்தனால் அளவும் முக்கியம். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு 14.7 என்றால் 10 சதவீதம் கலந்ததற்கு 14.1 பக்கத்தில்தான் சரியான விகிதம். டேங்கை நிரப்பிக்கொண்டே போங்கள், வழக்கமான பங்கில்.