மறு: ‘ரஸ்ட் த்ரூ’வுக்குச் சொல் – துருத்துளையா, துருப்பொத்தலா?

வணக்கம் நண்பர்களே,

தகட்டைத் துரு தின்று ஓட்டையாக்குவதைத்தான் ‘ரஸ்ட் த்ரூ’ (rust-through) என்கிறோம். அதற்கு இந்த இழையில் இதுவரை வந்தவை நான்கு சொற்கள்: துருத்துளை, முழு அரிமானம், துரு ஊடுருவல், துருவிற்றல். துருத்துளையையே நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். ஏற்றுவதற்கு முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேல் மாடல் (நிஜ வண்டியை அளவு குறைத்துச் செய்யும் சிறு மாதிரி) செய்கிறவர்கள் படித்துவிட்டுக் கையில் வேலையை எடுக்கப்போகும் சொல் இது. அது தப்பாக இருந்தால் வேலையும் தப்பாகும்.

துளை என்றதும் கை தானாக ட்ரில்லைத் தேடும். வட்டமாக ஓர் ஓட்டை போட்டு, சுற்றிலும் பழுப்பு வண்ணம் தடவினால் துரு வந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். இரும்பு அப்படி ஓட்டையாவதில்லை. தண்ணீரும் காற்றும் சேர்ந்து இரும்பைத் துருவாக்கும்போது, அந்தத் துரு பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கிறது. அதனால் முதலில் பெயின்ட் கொப்புளிக்கும், அப்புறம் உரியும். அடியில் துரு பொருக்குப் பொருக்காக எழும்பும். பொருக்கு உதிர உதிரத் தகடு மெலிந்துகொண்டே போய், கடைசியில் ஓரிடத்தில் விட்டுப்போகும். பனிக்கு உப்புத் தூவும் ஊர்களில் ஓடிய பழைய கார்களின் சக்கர வளைவுகளைப் படத்தில் உற்றுப் பாருங்கள். சேறும் உப்பும் உள்பக்கத்தில் தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்திருக்கும். ஓட்டையின் ஓரம் ஒழுங்கில்லாமல், தொட்டால் பொடியாகும் அளவுக்கு மெலிந்திருக்கும். அந்த மெலிந்த ஓரம்தான் இந்தக் கலையின் உயிர்.

கணக்கும் அதையே சொல்கிறது. கார் உடலின் தகடு ஏறக்குறைய 0.8 மி.மீ. அதை 1:24 அளவில் குறைத்தால் 0.03 மி.மீ.தான் வரும். மாடல் கிட்டில் வரும் பிளாஸ்டிக் பாகத்தின் தடிமன் 1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், நிஜ அளவில் அது 24 மி.மீ. இரும்பு! அதில் எவ்வளவு நேர்த்தியாக ஓட்டை போட்டாலும் ஓரத்தின் தடிமன் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஓட்டை வரவேண்டிய இடத்தைப் பின்பக்கமாகச் சுரண்டிக்கொண்டே வரவேண்டும். நடுநடுவே விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், மெலிந்த இடத்தில் வெளிச்சம் கசியத் தொடங்கும். அங்கே நிறுத்திவிட்டு, கத்தி முனையால் மெதுவாக நெருடினால் போதும், பிளாஸ்டிக் கிழிந்து கோணல்மாணலாக வாய் திறக்கும். இதில் பொறுமைதான் முக்கியம், அவசரப்பட்டால் முழுப் பகுதியும் போய்விடும்.

இன்னொரு வழி அலுமினியத் தாள். சமையலறைத் தாளே ஏறக்குறைய 0.016 மி.மீ.தான், அளவுக்கு மிக நெருங்கி வருகிறது. அதை மட்கார்டு வடிவத்துக்கு வெட்டி, சர்க்யூட் போர்டு அரிக்கும் பெரிக் குளோரைடு கரைசலை அங்கங்கே சொட்டுவைத்தால் கண்ணெதிரே தின்னும். வினை சூடாகும், வாயுவும் கிளம்பும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் இல்லாமல் யாரும் தொடவேண்டாம். வேண்டிய அளவு தின்றதும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிடவேண்டும். இப்படி வரும் ஓரத்தை எந்தக் கத்தியாலும் செய்ய முடியாது.

வண்ணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் துரு நிறம், அதன்மேல் ஹேர் ஸ்ப்ரே, அதன்மேல் வண்டியின் அக்ரிலிக் பெயின்ட். காய்ந்ததும் தண்ணீர் தொட்டுத் தூரிகையால் தேய்த்தால் மேல்பூச்சு ஓட்டையைச் சுற்றிச் சில்லுச்சில்லாக உரியும். உரிந்த வட்டம் ஓட்டையைவிடக் கட்டாயம் பெரிதாக இருக்கவேண்டும். பழைய துரு அடர்பழுப்பு, புதிய துருவுக்கு மட்டும் ஆரஞ்சு.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

‘அரிமானம்’ பாடநூல்களில் நிலைத்துவிட்ட நல்ல சொல். ஆனால் அது செம்புக்கும் அலுமினியத்துக்கும் பொது. முன்னால் ‘முழு’ சேர்த்தால் பொருள் முழுதும் துருவாகிவிட்டது என்றுதான் கேட்கிறது. ‘ஊடுருவல்’ என்றால் சுவர் அப்படியே இருக்க, ஒன்று அதைத் தாண்டி உள்ளே போவது. இங்கே சுவரே இல்லாமல் போகிறது.

‘துருவிற்றல்’ என் மனதுக்கு மிக நெருங்கிய சொல். ‘தகரம் இற்றுப்போச்சு’ என்று வீட்டில் சொல்வது இதைத்தான். குறளில் வரும் ‘அச்சிறும்’ (அச்சு இறும், அதாவது வண்டியின் அச்சு முறியும்) இதே வினை, அங்கே பாரத்தால் முறிவது. ஆனால் புணர்ச்சி கெடுத்துவிடுகிறது: எழுதிப் பார்த்தால் ‘துரு விற்றல்’ என்று கண் பிரித்துவிடும். கலைச்சொல்லில் அந்தத் தடுமாற்றம் கூடாது. ஆகவே வினையைத் தனியாக வைத்துக்கொள்வோம்: இற்றுப்போதல், இற்ற விளிம்பு.

ஓட்டைக்கு என் பரிந்துரை துருப்பொத்தல். பொத்தல் குடை, பொத்தல் வாளி என்று நாம் சொல்வது எதை? பழகி நைந்து, மறுபக்கம் தெரிய வாய் திறந்த ஓட்டையைத்தானே. துளையை ஒருவர் போடுகிறார். பொத்தல் தானாக விழுகிறது. மாடலில் நாம் போட்டாலும் பார்ப்பவருக்குத் தானாக விழுந்ததாகத் தெரியவேண்டும், அந்த எதிர்பார்ப்பைச் சொல்லே சுமந்துகொண்டு வருகிறது. ‘துருவோட்டை’யும் பொருளில் குறையில்லை, ஆனால் ஓட்டை எந்த ஓட்டைக்கும் பொருந்தும்.

பட்டியலில் இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன். துருப்பொத்தல்: துருவால் தகடு மெலிந்து இற்று, மறுபக்கம் வரை திறந்த ஓட்டை. உடன் வரும் சொற்கள்: பெயின்ட் கொப்புளம், துருப்பொருக்கு, இற்ற விளிம்பு, துரு வழிவு. கடைசிச் சொல் பொத்தலுக்குக் கீழே மழைநீரோடு இறங்கும் பழுப்புக் கோட்டுக்கு.

ஒரு கேள்வி ஈழத்து நண்பர்களுக்கு. உங்களிடம் துருவுக்குக் கறள் என்ற அழகான சொல் இருக்கிறது. ‘கறட்பொத்தல்’ என்று இணைச்சொல்லாகப் பட்டியலில் போட்டால் காதுக்கு இயல்பாக இருக்குமா, இல்லை கறள் பிடித்து விழுந்த ஓட்டைக்கு அங்கே வேறு சொல் புழங்குகிறதா? பதில் வந்ததும் இரண்டையும் சேர்த்தே ஏற்றிவிடலாம்.