காப்புப் புரதமா, கிருமியடக்கு புரதமா?

செவிலியர் பயிற்றுநர்: அனைவருக்கும் வணக்கம். பயிற்சிக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. பச்சிளங்குழந்தையின் உமிழ்நீரில் உள்ள லாக்டோஃபெரின், லைசோசைம் முதலிய, கிருமிகளை எதிர்க்கும் புரதங்களுக்குப் பொதுப்பெயர் ஒன்று வேண்டும். பிறக்கும் வேளையில் குழந்தைக்கு வரும் தொற்றைப் 'பிறப்பையொட்டிய தொற்று' என எழுதியிருக்கிறேன்; அதையும் பாருங்கள். 'எதிர்ப்புப் புரதம்' என்றால் மாணவியர் பிறபொருளெதிரி (ஆன்டிபாடி) என்று எண்ணிவிடுகிறார்கள். பிறந்தவுடன் அந்த உமிழ்நீரில் இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் பிறபொருளெதிரி மிகக் குறைவு என்பதால் இவ்வேறுபாடு முக்கியம்.

தமிழாசிரியர்: அம்மா, 'காப்புப் புரதம்' எனலாம், பிள்ளைத்தமிழின் முதற்பருவமே காப்புப் பருவம்தான். ஆனால் 'உமிழ்நீர்' எனக்கு உடன்பாடில்லை. அது வினைத்தொகை: உமிழ்ந்த, உமிழ்கின்ற, உமிழும் நீர். பச்சிளங்குழந்தையோ உமிழ்வதில்லை; விழுங்குகிறது, அல்லது கடைவாயில் வழியவிடுகிறது. குறள் 'வாலெயிறு ஊறிய நீர்' என்கிறது. பல் முளைக்காத வாய்க்கு எயிற்றை நீக்கி, 'வாயூறுநீர்' என வைத்துக்கொள்ளலாம்.

குழந்தை மருத்துவர்: வாயூறுநீர் என்றால் மாங்காய்தான் ஐயா நினைவுக்கு வரும், பள்ளிப் பாடநூலில் வேரூன்றிய உமிழ்நீரை விட்டுவிடுங்கள். எனக்குத் தயக்கம் 'காப்பு' என்பதில். லாக்டோஃபெரின் கிருமிக்கு வேண்டிய இரும்பைப் பற்றிக்கொண்டு அதைப் பட்டினி போடுகிறது. ஃபிளெமிங் 1922இல் விவரித்த லைசோசைம் பாக்டீரியாவின் செல்சுவரையே அறுக்கிறது. இச்செயலைச் சொல்லும் 'கிருமியடக்கு புரதம்' பொருந்தும். பனிக்குடத்தில் தொற்று ஏறியிருந்தாலோ, பிறப்புவழியில் பி குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா இருந்தாலோ, குழந்தைக்கு முதல் 72 மணி நேரத்துக்குள்ளேயே குருதித்தொற்று வரக்கூடும். அதைத் தடுக்க இப்புரதங்கள் மட்டும் போதா. பால் குடிக்க மறுத்து உடல் சில்லிட்டுக் கிடக்கும் குழந்தையைப் பார்த்தும், 'காப்பு இருக்கிறதே' என்று ஒரு செவிலியர் காத்திருந்துவிடக் கூடாது.

தமிழாசிரியர்: காப்புச் செய்யுள் வேண்டுதலே, உத்தரவாதமன்று. எனினும் 'அடக்கு புரதம்' நல்ல வினைத்தொகை. வலி மிகாமல், அதாவது இடையில் 'ப்' இடாமல், எழுதியதற்கு நன்றி.

செவிலியர் பயிற்றுநர்: 'பிறப்பையொட்டிய தொற்று' என்பதை எவரும் மறுக்காததால் அது அப்படியே போகிறது. மற்றதில், தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் 'காப்புப் புரதம்' பக்கமே ஆள் கூடுதல். மருத்துவரின் எச்சரிக்கையை அதே பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுகிறேன்.

குழந்தை மருத்துவர்: கட்டத்தை யாரும் படிப்பதில்லை அம்மா. என் மறுப்பு அப்படியே நிற்கட்டும்.

தமிழாசிரியர்: உமிழ்நீரைப் பற்றிய என் மறுப்பும்.