மறு: ‘வின்டரைஸ்’ – குளிர்காலப்படுத்தலா, பனிக்காப்பா? உறைவுக்காப்பு என்போம்

வணக்கம் நண்பர்களே,

நாம் தமிழாக்கும் படகு என்ஜின் பராமரிப்புக் கையேட்டில் ‘வின்டரைஸ்’ (winterize, குளிரில் என்ஜினுக்குள் தண்ணீர் உறைந்து உடைக்காமல் காப்பது) பற்றிய அத்தியாயத்துக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: குளிர்காலப்படுத்தல், பனிக்காப்பு, உறைகாப்பு. என் ஓட்டு நான்காவதாக ஒன்றுக்கு: உறைவுக்காப்பு. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கையேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒருவர் ஸ்பானரைக் கையில் எடுக்கப் போகிறார். நாம் வைக்கும் பெயர் அவரைத் தப்பான வேலைக்கு அனுப்பிவிடக் கூடாது.

> வின்டரைஸ் என்றால் குளிர்காலத்துக்குத் தயார் செய்வது. குளிர்காலப்படுத்தல் நேராகப் பொருந்துகிறதே?

முதலில் இலக்கணம். எளிமைப்படுத்தினால் ஒன்று எளிமையாகிறது, நவீனப்படுத்தினால் நவீனமாகிறது. அந்தக் கணக்கில் குளிர்காலப்படுத்தினால் என்ஜின் குளிர்காலமாகிவிட வேண்டும். ‘படுத்து’ இங்கே ஒட்டவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்தச் சொல் ஆபத்தைப் பருவத்தின் தலையில் கட்டிவிடுகிறது. என்ஜினை உடைப்பது உள்ளே தங்கிப்போன தண்ணீர். உறையும்போது தண்ணீரின் கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். திறந்த வாளியில் உறைந்தால் மேலே கொஞ்சம் உப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். என்ஜின் பிளாக்கின் (சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பிரும்பு உடல்) குறுகலான நீர்ப்பாதையில் உறைந்தால் அதற்குப் போக இடமில்லை. வார்ப்பிரும்பு இழுபடாது, விரிசல் விடும். இது நடக்க மூன்று மாதக் குளிர்காலம் தேவையில்லை, ஒரு நீண்ட இரவு போதும்.

கடுங்குளிர் வழக்கமாக வரும் இடங்களில் இலையுதிர் காலத்திலேயே எல்லோரும் இந்த வேலையை முடித்துவிடுவார்கள். மாட்டிக்கொள்பவர்கள் மிதமான குளிர் உள்ள இடத்துக்காரர்கள். என்ஜின் தண்ணீரோடு சும்மா கிடக்கும், திடீரென்று ஒரு குளிர் அலை வரும். அவர்கள் ‘குளிர்காலப்படுத்தல்’ என்ற தலைப்பைப் பார்த்தால் இது பனி நாட்டுக்காரர்களுக்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். இந்த அத்தியாயமே முதலில் அவர்களுக்காகத்தான்.

> பனிக்காப்பு நாவுக்கு இனிமையாக இருக்கிறது.

இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முன்பனி, பின்பனி, மூடுபனி, புல்நுனியில் பனித்துளி என்று நமக்குப் பனி பல வடிவில் பழக்கம், அதில் பெரும்பாலானவை உறையாத பனி. பனிக்காப்பு என்றதும் மேலே தார்ப்பாய் போர்த்திய படகுதான் கண்ணில் நிற்கும். பாய் காற்றையும் பனியையும் தடுக்கும், உறைதலைத் தடுக்காது. வெப்பம் தரும் மூலம் ஒன்றும் உள்ளே இல்லாதபோது, இரவு நீளநீளப் பாய்க்குள்ளும் வெளிக்காற்றின் குளிர் வந்துவிடும். காற்று வீசினால் என்ஜின் சீக்கிரம் குளிரும். ஆனால் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே அது இறங்காது. ஆகவே கையேட்டில் “காற்றோடு சேர்த்து உணரும் குளிர்” என்று வரைவில் வந்திருக்கும் வரியையும் எடுத்துவிடலாம். அது மனிதத் தோலுக்கான கணக்கு.

உறைகாப்பு கிட்டத்தட்ட சரி. தலையணை உறை, கடித உறை, கத்தி உறை ஆகியவைதான் தொல்லை. “என்ஜின் உறைகாப்பு” என்று அட்டவணையில் தனியாக நின்றால் என்ஜினுக்கு உறை மாட்டுவது என்றுதான் படிக்கத் தோன்றும். உறைவு என்று ஆக்கிவிட்டால் இந்தக் குழப்பம் போகிறது. இரத்த உறைவு என்று எல்லோரும் படிக்கிறோம், இறுகிப்போவது என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது. உறைவுக்காப்பு, உறைவுக்காப்பு செய்த என்ஜின், உறைவுக்காப்பு இல்லாத படகு என்று வாக்கியத்திலும் தடையில்லாமல் போகிறது.

சரி, தலைப்புச் சொல்லோடு வேலை முடியவில்லை. ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகளைப் போட்டு அடைத்திருக்கிறார்கள்: தண்ணீரை வடிப்பது, உறைதடுப்பி (எளிதில் உறையாத திரவம், antifreeze) ஏற்றுவது, நாள்பட நிற்கப்போகும் என்ஜினுக்கு எண்ணெய் மாற்றி எரிபொருளில் நிலைப்படுத்தி கலப்பது. மூன்றாவது உறைவுக்காப்பே இல்லை. அது துருவுக்கும் கெட்டுப்போகும் பெட்ரோலுக்கும் எதிரான வேலை. கிடப்புப் பராமரிப்பு என்று வேறு அத்தியாயத்துக்கு அனுப்பிவிடலாம். நாளை இரவு குளிர் அலை என்று அறிவிப்பு வந்தபின் கையேட்டைத் திறப்பவருக்கு முதல் வேலை ஒன்றே ஒன்று, வடிப்பது.

அந்த வடிக்கும் பகுதியில்தான் வரைவு எனக்குக் கவலை தருகிறது.

> வடிகால் துளையைத் துளைக்கவும்.

இந்த வரியை உடனே மாற்ற வேண்டும். யாராவது டிரில்லை எடுத்துவிடுவார்கள். நடப்பது இதுதான்: பிளாக்கின் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றுகிறோம், ஒரு சொட்டும் வருவதில்லை. காலியாகிவிட்டது என்று நினைத்துத் திரும்ப மூடிவிடுகிறார்கள். உண்மையில் துருவும் மணலும் துளைக்குப் பின்னால் இறுகி அடைத்திருக்கும். விறைப்பான கம்பி ஒன்றை உள்ளே விட்டு நாலு பக்கமும் கிண்டினால் முதலில் துருச்செதில் உதிரும், அப்புறம் பழுப்பாகக் கொஞ்சம் கசியும், பிறகுதான் தண்ணீர் வேகமெடுத்துக் கொட்டும். அந்தக் கம்பி வேலைதான் பிளாக்கைக் காப்பாற்றுகிறது. எனவே: “வடிதிருகைக் கழற்றி, துளையைக் கம்பியால் குத்திவிடவும். நீர் வந்து தானாக நிற்கும்வரை காத்திருக்கவும்.” டிரெயின் பிளக்குக்கு வடிதிருகு என்கிறேன். மரையுள்ளது, திருகிக் கழற்றுவது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். வி வடிவ என்ஜின் என்றால் பிளாக்கின் இரு பக்கமும் வடிதிருகு உண்டு, புகைபோக்கிக் குழாய்த்தொகுதிகளுக்குத் தனி. நீர் பம்பையும், தொங்கிக்கொண்டு நிற்கும் ரப்பர் குழாய்களின் தாழ்ந்த வளைவுகளையும் விட்டுவிடக் கூடாது.

அடுத்தது, ‘ரா வாட்டர்’. கச்சா நீர் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கச்சா எண்ணெய்போலச் சுத்திகரிக்கப்போகிறோம் என்ற எண்ணம் வருகிறது. பச்சைத் தண்ணீர் என்பது நம் பேச்சில் காய்ச்சாத தண்ணீருக்கு அழகாகப் பொருந்தும் சொல்தான், ஆனால் கையேட்டில் நிறமாகப் படித்துவிடுவார்கள். உறைதடுப்பியிலும் பச்சை நிறம் உண்டு. நான் சொல்வது வெளிநீர். ஏரியிலிருந்தோ கடலிலிருந்தோ பம்ப் உறிஞ்சி, சூட்டை வாங்கிக்கொண்டு, மறுபடி வெளியே போகும் நீர்.

இதில் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. மூடுசுற்றுக் குளிர்விப்பு (பிளாக்குக்குள் உறைதடுப்பிக் கலவை சுற்றிவர, வெளிநீர் வெப்பமாற்றியில் அதன் சூட்டை வாங்கிப் போகும் அமைப்பு) உள்ள என்ஜின் வைத்திருப்பவர், “என் பிளாக்கில்தான் உறைதடுப்பி இருக்கிறதே” என்று நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார். பிளாக் தப்பும். ஆனால் வெப்பமாற்றியின் மறுபக்கம், பம்ப், வடிகட்டி என்று வெளிநீர் ஓடும் வழி முழுவதும் வெறும் தண்ணீர்தான். “வெளிநீர்ப் பாதை முழுவதையும் வடிக்கவும்” என்று எழுதினால் அவருக்கும் சேர்த்தே சொன்னதாகிவிடும்.

> ஃப்ரீஸ் பிளக் – உறைவுத் தக்கை

இது வேண்டவே வேண்டாம். வார்ப்பு முடிந்ததும் உள்ளே இருக்கும் அச்சு மணலை வெளியேற்ற விட்ட துளைகள் அவை. பிறகு மெல்லிய உலோகத் தட்டால் அடைக்கிறார்கள். பனிக்கட்டி அழுத்தினால் அந்தத் தட்டு பிதுங்கி விழுந்து பிளாக்கைக் காப்பாற்றும் என்று ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. சில சமயம் பிதுங்கும். தட்டு இருந்த இடத்திலேயே இருக்க, பிளாக் விரிசல் விடுவதும் சாதாரணம். ஆங்கிலப் பெயர் தரும் பொய்யான தைரியத்தை நாம் இறக்குமதி செய்யத் தேவையில்லை. வார்ப்புத்துளை மூடி என்போம்.

உறைதடுப்பி ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். தெர்மோஸ்டாட்டையும் (என்ஜின் சூடானபின் திறந்து நீரை விடும் வால்வு) தெர்மோஸ்டாட் என்றே விட்டுவிடலாம், மெக்கானிக்குக்கு அதுதான் தெரியும். உறைதடுப்பிப் புட்டியில் அச்சாகியிருக்கும் எண்ணில்தான் பெரிய கண்ணி இருக்கிறது. படகுகளுக்கென்று விற்கும் இளஞ்சிவப்புத் திரவத்தில் மைனஸ் 50 என்று போட்டிருக்கும். ஒன்று, அது ஃபாரன்ஹீட்; செல்சியஸில் மைனஸ் 46 அளவு. இரண்டு, அது உறைநிலை அல்ல. அந்தத் திரவம் மைனஸ் 12 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கூழாகத் தொடங்கிவிடும். கூழாக இருக்கும்வரை நகர்ந்து இடம் கொடுக்கும், குழாயைப் பிளக்காது. பிளக்கும் அளவுக்கு இறுகும் எல்லையைத்தான் புட்டி சொல்கிறது. வரைவில் “உறைநிலை −50” என்று இருப்பது இரண்டு விதத்தில் தவறு. பிளவு வெப்பநிலை என்று தனிச் சொல் வைப்போம். வெடிப்பு வெப்பநிலை என்று ஒரு யோசனை வந்தது. பெட்ரோல் ஆவி தங்கும் இடத்தைப் பற்றிய கையேட்டில் வெடிப்பு என்ற சொல் வேறு பயத்தைக் கிளப்பும்.

அந்த எண் நீர் கலக்காத திரவத்துக்கு. பிளாக்கில் பழைய தண்ணீர் மிச்சமிருந்தால் கலந்து நீர்த்து, பிளவு வெப்பநிலை மேலே ஏறிவிடும். அதோடு என்ஜின் சூடாகாமல் தெர்மோஸ்டாட் மூடியிருந்தால், உறிஞ்சு குழாய் வழியே ஊற்றியது பிளாக்குக்குள் போகாமலே புகைபோக்கி வழியாக இளஞ்சிவப்பாக வெளியேறும். பார்ப்பவருக்கு எல்லாம் நிறைந்துவிட்டது போலிருக்கும். ஆகவே வடித்தல் முதலில், ஏற்றுதல் பிறகு. இந்த வரிசையைத் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

மூடுசுற்றில் பயன்படும் எத்திலீன் கிளைக்கால் வேறு கதை. அதைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் அளவுவரை தாங்கும். கலக்காமல் ஊற்றினால் மைனஸ் 13 வாக்கிலேயே உறையும். “கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு” என்ற வரியை நீக்கிவிடுங்கள். அது நஞ்சும்கூட, வெளிநீர்ப் பாதையில் ஊற்றினால் அடுத்த முறை என்ஜினை எடுக்கும்போது நேராக நீர்நிலைக்குப் போகும். அங்கே புரொப்பிலீன் கிளைக்கால் வகை இளஞ்சிவப்புத் திரவம் மட்டும்.

மற்றவை சுருக்கமாக. வெளிப்பொருத்து என்ஜினை (படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு) நிமிர்த்தி நிறுத்தினால் குளிர்விப்பு நீர் தானே வடிந்துவிடும். கியர் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அதை மாற்றாமல் விட்டால் கியர் பெட்டியே பிளக்கலாம். கரையேற்றிய படகு மிதக்கும் படகைவிடச் சீக்கிரம் உறையும், ஏனென்றால் மிதக்கும் படகுக்குச் சுற்றியுள்ள நீர் கொஞ்சம் சூடு கொடுத்துக்கொண்டிருக்கும். என்ஜின் அறையில் வீட்டு ஹீட்டரையோ பல்பையோ வைக்கச் சொல்லும் பத்தியை முழுவதும் எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்துக்குத் தீப்பொறிக் காப்புள்ள ஹீட்டர்தான் ஆகும். அதுவும் குளிர் அலையில் மின்சாரம் போனால் உதவாது. வடித்த என்ஜினுக்கு மின்சாரம் தேவையில்லை.

எல்லாரும் ஒத்துக்கொண்டால் தொடக்கப் பத்தி இப்படி வரும்:

“குளிர் அலை அறிவிப்பு வந்ததும் உறைவுக்காப்பு செய்யவும். முதலில் எல்லா வடிதிருகுகளையும் கழற்றி, கம்பியால் குத்திவிட்டு, வெளிநீர்ப் பாதையை முழுவதும் வடிக்கவும். வடித்தபின், பிளவு வெப்பநிலை உங்கள் இடத்தின் மிகக் குறைந்த குளிரைவிடக் கீழே உள்ள உறைதடுப்பியை நீர் கலக்காமல் ஏற்றவும்.”

‘ஃபாகிங்’ மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சிலிண்டருக்குள் எண்ணெயைத் தூவலாகச் செலுத்திச் சுவரில் படியவைப்பது. புகையூட்டல் என்றால் கொசு மருந்து நினைவு வருகிறது, எண்ணெய்ப் பூச்சு என்றால் தூரிகை வேண்டும்போல் இருக்கிறது. எண்ணெய்த்தூவல் என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். என்ஜின் வேலை பார்க்கும் நண்பர்கள் பட்டறையில் இதை எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.