புதுப்பிப்பு: பழைய ஐபோன் 7-இல் ஜெயில்பிரேக் வேலை செய்கிறது

ஆப்பிள் கையொப்பமிடாத செயலிகளை ஐஓஎஸ் 15 உள்ள என் பழைய ஐபோன் 7-இல் இயக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிகிறது. ஆப்பிளின் கட்டுப்பாடுகளை உடைக்கும் இந்த ஜெயில்பிரேக் வேலைக்கு, கணினியில் ஓடும் பலேரெயின் என்ற கருவியைப் பயன்படுத்தினேன். ஆப்பிளின் இலவசக் கணக்கில் நாமே கையொப்பமிட்டு நிறுவும் செயலிகள் 7 நாளில் காலாவதியாகும் தொல்லையும் ஒழிந்தது.

"அடுத்த அப்டேட்டில் ஆப்பிள் இந்தப் பாதுகாப்பு ஓட்டையை அடைத்துவிடுமே" என்று எச்சரித்திருந்தீர்கள். இந்த ஃபோனில் அடைக்கவே முடியாது. 2019 செப்டம்பரில் வெளியான செக்எம்8 என்ற அந்த ஓட்டை, சிப் தயாராகும்போதே பதிக்கப்படும் பூட்ரோமில், அதாவது ஃபோன் தொடங்கும்போது முதலில் ஓடும் நிரலில், இருக்கிறது. எந்த அப்டேட்டும் அங்கே கை வைக்க முடியாது. எவ்வளவு பெரிய விடுதலை இது!

சிரமமெல்லாம் டிஎஃப்யூ நிலைக்கு, அதாவது ஐஓஎஸ் தொடங்காமல் ஃபோன் கணினியின் கட்டளைக்குக் காத்திருக்கும் நிலைக்கு, போவதில்தான். பக்கவாட்டுப் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்து, பிறகு முதலாவதை மட்டும் விட வேண்டும். திரை கறுப்பாகவே இருந்தால் சரி. ஆப்பிள் சின்னம் தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கேபிள் யுஎஸ்பி-ஏ வகையாக இருக்கட்டும். சி வகை அடிக்கடி தகராறு செய்கிறது.

ஃபோனை அணைத்துப் போட்டால் ஜெயில்பிரேக் போய்விடும்; திரும்பவும் கணினியில் இணைக்க வேண்டும்.

ஐபோன் 8, ஐபோன் எக்ஸ் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யத் திரைப்பூட்டுக் கடவுக்குறியீட்டையே நீக்க வேண்டியிருக்கும். தினமும் வெளியே கொண்டுபோகும் ஃபோனில் நான் அதைச் செய்யமாட்டேன். ஐபோன் எக்ஸ்ஆர் பற்றிக் கேட்டவருக்கு: அதிலிருப்பது ஏ12 சிப், அதில் இந்த ஓட்டை இல்லை; இந்த வழி அதற்குச் செல்லாது.