திருச்சி வீடு: பசுமைச் சான்றிதழ் பற்றி எங்கள் குடும்பக் குழுவில் பேசியவை

திருச்சி பெரியப்பா:
எல்லோருக்கும் வணக்கம். திருச்சி மனையில் வீட்டு வேலையை ஆவணியில் தொடங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். 40-க்கு 60 மனை, சாலை மேற்கே இருக்கிறது, தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டப் போகிறோம். வரைபடம் போட்டுக் கொடுத்த பொறியாளர், கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்தால் கிரீன் பில்டிங் சான்றிதழுக்கும் ஏற்பாடு செய்யலாம் என்கிறார். அது என்ன, தனி வீட்டுக்கு அது அவசியமா என்பதைக் கட்டடக்கலை படித்த நம் வீட்டுப் பெண்ணிடமே கேட்டுவிடலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

நான்:
வணக்கம் பெரியப்பா. மின்சாரம், தண்ணீர் போன்றவற்றைக் குறைவாகச் செலவழிக்கும்படி கட்டிய கட்டடம் என்று காட்டுவதுதான் அந்தச் சான்றிதழ். அதைப் பொறியாளரோ மாநகராட்சியோ தருவதில்லை. அதற்கென்று தனி அமைப்புகள் இருக்கின்றன. நாம் பதிவு செய்து, வரைபடங்களையும் கணக்குகளையும் பொருள்களின் ரசீதுகளையும் கொடுத்தால், அவர்கள் சரிபார்த்து மதிப்பெண் போடுவார்கள். இந்த முறை 1990-இல் பிரிட்டனில் பிரீம் என்ற பெயரில் தொடங்கியது, பின்னர் அமெரிக்காவில் லீட் வந்தது. நம் நாட்டில் இந்தியத் தொழில் கூட்டமைப்பு 2001-இல் இந்தியப் பசுமைக் கட்டடக் குழுமத்தை அமைத்தது, ஐ.ஜி.பி.சி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஐதராபாத்தில் உள்ள அதே கூட்டமைப்பின் (சி.ஐ.ஐ.) சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003-இல் லீட் முறையின் மிக உயர்ந்த தரமான பிளாட்டினத்தைப் பெற்றது, அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் தரத்தைப் பெற்ற முதல் கட்டடம் அதுவே. துளையிட்ட ஜாலிச் சுவர்களும் காற்றைக் குளிரச் செய்து உள்ளே இறக்கும் கோபுரங்களும் அங்கே இருக்கின்றன. டெரி என்ற எரிசக்தி ஆராய்ச்சி நிறுவனமும் மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து உருவாக்கிய கிரிஹா என்பது இன்னொரு முறை, அதில் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள். 2,500 சதுர மீட்டருக்கும் குறைந்த கட்டடங்களுக்கு ஸ்வகிரிஹா என்ற எளிய வடிவமும் உண்டு. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி.யின் எட்ஜ் முறையோ நேரடியானது: மின்சாரம், தண்ணீர், பொருள்களை உற்பத்தி செய்யும்போது வெளியாகும் கரியமில வாயு ஆகிய மூன்றிலும் வழக்கமான கட்டடத்தை விடக் குறைந்தது 20 விழுக்காடு குறைத்துக் காட்ட வேண்டும்.

திருச்சி பெரியப்பா:
சரி அம்மா. இவற்றில் நம் வீட்டுக்கு எது பொருந்தும்?

நான்:
ஐ.ஜி.பி.சி. வீடுகளுக்கென்று வைத்திருக்கும் கிரீன் ஹோம்ஸ் தரமோ ஸ்வகிரிஹாவோ பொருந்தும் பெரியப்பா. ஆனால் சான்றிதழ் வேண்டுமா என்பதை அப்புறம் பார்ப்போம் என்பதே என் கருத்து. பதிவுக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், ஆவணங்களைத் தயாரிக்கும் ஆலோசகரின் சம்பளம் எல்லாம் சேர்ந்தால், ஒரு சிறிய வீட்டின் பட்ஜெட்டில் அது கூரையின் பங்கையே பிடுங்கிக்கொள்ளும். அந்தச் சான்றிதழ் எதையெல்லாம் கேட்கிறதோ அதை வீட்டில் செய்துவிடுவதுதான் முக்கியம், அதிலும் கட்டிய பிறகு மாற்ற முடியாதவற்றை முதலில் செய்ய வேண்டும். விளக்கையும் மின்விசிறியையும் ஏ.சி.யையும் பத்து ஆண்டுகள் கழித்துக்கூட மாற்றிக்கொள்ளலாம். சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை மாற்ற முடியாது. உங்கள் வரைபடத்தில் பெரிய படுக்கையறை எந்தப் பக்கம் இருக்கிறது?

திருச்சி பெரியப்பா:
சாலை தெரிய வேண்டும் என்று மேற்குப் பக்கம் வைத்திருக்கிறார்கள். ஆறடி அகலத்துக்கு ஜன்னலும், அதன் மேல் இரண்டடி சன்ஷேடும் உண்டு.

நான்:
அந்த இரண்டடி சன்ஷேடு மேற்கில் உதவாது பெரியப்பா. சித்திரை, வைகாசியில் மாலை நாலரை மணிக்குத் திருச்சியில் சூரியன் தரையிலிருந்து ஏறத்தாழ 28 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், அப்போது இரண்டடி சன்ஷேடு ஜன்னலின் மேல் ஓரடிக்குத்தான் நிழல் தரும். மீதி முழுவதும் வெயிலை வாங்கும். அதே சன்ஷேடு தெற்குச் சுவரில் இருந்தால், மார்கழி நண்பகலில்கூட ஏறத்தாழ மூன்றடிக்கு நிழல் விழும். நம் ஊர் அட்சரேகையில் தெற்கு ஜன்னலைக் காப்பாற்றுவது சுலபம், மேற்கு ஜன்னலைக் காப்பாற்றுவது கடினம். ஆகவே படிக்கட்டு, குளியலறை, பொருள் வைக்கும் அறை ஆகியவற்றை மேற்கு ஓரத்துக்கு நகர்த்தி, படுக்கையறைகளைக் கிழக்கிலும் தெற்கிலும் வையுங்கள். மதியத்துக்கு மேல் வாங்கிய சூட்டை மேற்குச் சுவர் இரவு பத்து மணிக்கு மேல்தான் உள்ளே விடும், அந்த நேரத்தில் அங்கே யாரும் படுத்திருக்கக்கூடாது.

கோவை மாமா:
இதில் ஒன்று சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று கரூரைத் தாண்டித் திருச்சிக்கும் போகிறது. மேற்கை அடைத்துவிட்டால் அத்தான் அந்தக் காற்றையும் சேர்த்து இழந்துவிடுவார்.

நான்:
மிகச் சரியான கேள்வி மாமா, திருச்சியில் இந்தச் சிக்கல் உண்மையாகவே இருக்கிறது. வெயிலும் வேண்டிய காற்றும் ஒரே திசையிலிருந்து வருகின்றன. அதனால் மேற்கை முழுவதும் மூட வேண்டாம். படிக்கட்டுப் பகுதிக்குச் சுட்ட மண் ஜாலி வைத்தால் காற்று நுழையும், நேர் வெயில் பெரும்பாலும் நுழையாது. தென்மேற்கு மூலைக்கு அருகில் தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்து, அதன் கிழக்கு ஓரத்தில் செங்குத்தாக ஒரு மறைப்பை வெளியே நீட்டினால், தென்மேற்குக் காற்று அதில் மோதி அறைக்குள் திரும்பும். எதிர்ச்சுவரில் காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் இவை எதுவும் பயன்படாது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018-இல் குடியிருப்புகளுக்காக எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய பரப்பாக இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. 120 சதுர அடி அறை என்றால் 20 சதுர அடி. இப்போது எல்லோரும் போடும் யு.பி.வி.சி. (பிளாஸ்டிக்) ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும், ஆகவே அதன் பரப்பைப் பாதியாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கதவு போல முழுக்கத் திறக்கும் ஜன்னலையே கேட்டு வாங்குங்கள் பெரியப்பா.

மதுரை அத்தை:
கண்ணு, நம் பழைய வீட்டு மொட்டை மாடியில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர் விட்டுச் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் அடித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். கோடையிலும் கீழே படுக்க முடிந்தது. இப்போதும் அண்ணன் அதையே போட்டால் போதாதா?

நான்:
அத்தை, அந்தத் தளம் மழைக்கு மிக நல்லது, வெறும் கான்கிரீட்டை விடச் சூட்டையும் குறைக்கும். ஆனால் பழைய வீட்டில் அடியில் இருந்தது தேக்கு உத்திரமும் கனமான செங்கல் தளமும். இப்போது இருப்பது ஆறு அங்குலக் கான்கிரீட். ஒரு பொருளின் வழியாக எவ்வளவு சூடு இறங்குகிறது என்பதை யூ மதிப்பு என்ற எண்ணால் சொல்வார்கள், எண் குறைந்தால் நல்லது. வெறும் கான்கிரீட் கூரைக்கு அது 3-க்கு மேல் வரும். நாலு அங்குலம் சுண்ணாம்பு ஜல்லி போட்டால் 2-ஐ ஒட்டி இறங்கும். எக்கோ நிவாஸ் சம்ஹிதா கேட்பது 1.2. கான்கிரீட்டின் மேல் நீர்க்கசிவுத் தடுப்பு போட்டு, அதன் மேல் எக்ஸ்.பி.எஸ். என்ற வெப்பத்தடுப்பு நுரை அட்டையை ஓர் அங்குலத்துக்குப் பதித்து, பிறகு தளமும் வெள்ளை ஓடும் போட்டால் 1-க்கும் கீழே வந்துவிடும். அட்டையைக் கூரைக்கு மேலேதான் பதிக்க வேண்டும். கீழே ஃபால்ஸ் சீலிங்கோடு சேர்த்து ஒட்டினால், கான்கிரீட் வழக்கம் போலவே காய்ந்துகொண்டிருக்கும். அந்த விதித்தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கே வகுக்கப்பட்டது, பெரியப்பாவின் மனை 223 சதுர மீட்டர்தான். கட்டாயம் இல்லாவிட்டாலும் கூரை விஷயத்தில் அந்த 1.2 என்ற எண்ணை நாம் விடக்கூடாது. சித்திரையில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும் ஊரில் மாடி அறைக்குள் வரும் சூட்டின் பெரும்பகுதி கூரை வழியாகத்தான் வருகிறது.

சென்னை அண்ணன்:
நான் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு அடுக்குமாடி வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். விளம்பரத்தில் "கோல்டு ரேட்டட்" என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே மிகச் சிறிய எழுத்தில் "பிரீ-சர்ட்டிஃபைடு" என்று போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

நான்:
ஒன்றல்ல அண்ணா, நீ அதைக் கவனித்தது நல்லது. பிரீ-சர்ட்டிஃபைடு என்றால், கட்டுவதற்கு முன் வரைபடத்தையும் உத்தேசத்தையும் பார்த்து, சொன்னபடி கட்டினால் இந்தத் தரம் கிடைக்க வாய்ப்பு உண்டு என்று அமைப்பு சொல்லியிருக்கிறது என்று பொருள். கட்டி முடித்தபின் ஆவணங்களைக் கொடுத்து இறுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆகவே இறுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதச் சொல். மதிப்பெண் பட்டியலையும் கேள், கேட்கத் தயங்காதே. லீட் முறையில் மொத்தம் 110 மதிப்பெண், 60 வந்தால் கோல்டு, 80 வந்தால் பிளாட்டினம். அந்த 60 எங்கிருந்து வந்தது என்பதுதான் வீட்டின் குணத்தைச் சொல்லும். பேருந்து நிலையம் அருகில் இருக்கிறது, பொது இடத்தில் மின்வாகனச் சார்ஜர் இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. அவை நல்லவைதான், ஆனால் உன் படுக்கையறையின் சூட்டை அவை குறைக்காது. கண்ணாடி முகப்பு வைத்த கட்டடம்கூட வேறு தலைப்புகளில் மதிப்பெண் சேர்த்துச் சான்றிதழ் வாங்கிவிட முடியும் என்பது இந்த முறையின் உண்மையான பலவீனம், எனக்கு அதில் வருத்தம் உண்டு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா, அந்த நீர் ஃப்ளஷ் தொட்டிக்குத் தனிக்குழாயில் போகிறதா என்று அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் கேட்டுப் பார்.

சென்னை அண்ணன்:
முதல் பிளாக்கில் ஆட்கள் குடியேறிவிட்டார்கள். சனிக்கிழமை நேரில் போய்க் கேட்கிறேன்.

கோவை மாமா:
பொதுப்பணித் துறையில் இருந்தவன் என்ற முறையில் பொருள்களைப் பற்றி நான் சொல்கிறேன். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. அதனால் பி.பி.சி. சிமெண்ட் வாங்குங்கள் அத்தான். அதில் 15 முதல் 35 விழுக்காடு வரை அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: அது மெதுவாகத்தான் வலுப்பெறும், ஆகவே குறைந்தது பத்து நாள் தண்ணீர் காட்ட வேண்டும். மேஸ்திரி ஏழு நாள் போதும் என்பார், விடாதீர்கள். சுவருக்குக் காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான ஏ.ஏ.சி. பிளாக்கா, சாம்பல் செங்கலா?

நான்:
வெப்பத்துக்கு ஏ.ஏ.சி. நல்லது மாமா; எட்டு அங்குலச் சுவருக்கு யூ மதிப்பு 0.8-ஐ ஒட்டி வரும், ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு 2-ஐ ஒட்டி வரும்.

கோவை மாமா:
நான் பார்த்த வரையில் ஏ.ஏ.சி. சுவரில் விரிசல் வருவதற்குக் காரணம், தூணும் சுவரும் சேரும் இடத்தில் சிக்கன் மெஷ் (மெல்லிய கம்பி வலை) அடிக்காமல் பூசுவதுதான். அதைச் செய்யும் கொத்தனார் கிடைத்தால் ஏ.ஏ.சி. போடலாம், கிடைக்காவிட்டால், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ராட்-டிராப் முறையில் செங்கலை நிறுத்தி வைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டலாம். செங்கலில் கால்வாசி மிச்சமாகும், உள்ளே நிற்கும் காற்று சூட்டையும் ஓரளவு தடுக்கும்.

மதுரை அத்தை:
தண்ணீரைப் பற்றி யாருமே பேசவில்லையே? 2003-இல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று ஆனபோது எங்கள் தெருவில் எல்லோரும் குழி தோண்டினோம். இன்று பாதிக் குழிகள் மண் மூடிக் கிடக்கின்றன.

நான்:
அதனால்தான் அத்தை, மழைநீரை முதலில் தொட்டிக்கும் அது நிறைந்த பிறகே கிணற்றுக்கும் குழிக்கும் விட வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன். கண்ணெதிரே பயன்படும் தொட்டியை வீட்டுக்காரர்கள் தாமாகவே சுத்தம் செய்வார்கள். 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டர் அளவுக்கு நீர் இறங்கும். முதல் மழையின் அழுக்கை வெளியே விடத் தனி வால்வும், பிறகு கரியும் மணலும் கூழாங்கல்லும் போட்ட வடிகட்டியும் வையுங்கள். ஐ.ஜி.பி.சி. தரத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயத் தகுதி. அது இல்லாமல் மற்றவற்றை எண்ணவே மாட்டார்கள்.

திருச்சி பெரியப்பா:
சூரிய மின்தகடு?

நான்:
கட்டாயம் போடுங்கள், ஆனால் நிழலும் கூரையும் சரியான பிறகு. மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு, நாளொன்றுக்கு 12 யூனிட் அளவில் கிடைக்கும். கம்பி போகும் குழாயை இப்போதே மாடி வரை விட்டுவைத்தால் பிறகு சுவரை உடைக்க வேண்டியதில்லை.

திருச்சி பெரியப்பா:
நல்லது அம்மா. படிக்கட்டை மேற்கு ஓரத்துக்கும் பெரிய படுக்கையறையைத் தென்கிழக்குக்கும் மாற்றி, ஜன்னல்களைக் கதவு மாதிரியாகப் போட்டு வரைபடத்தைத் திருத்தித் தரும்படி இன்றே பொறியாளரிடம் சொல்கிறேன். சான்றிதழுக்கு என்று அவர் சொன்ன தொகையைக் கூரை அட்டைக்கு ஒதுக்கிவிடலாம் என்று உன் பெரியம்மாவும் சொல்கிறாள். அட்டைக்கு விலை கேட்கும்போது என்ன சொல்லிக் கேட்க வேண்டும்?

நான்:
தடிமன் 25 மில்லிமீட்டர் என்றும், ஓரங்கள் ஒன்றன் மேல் ஒன்று படியும் வெட்டு வேண்டும் என்றும் சொல்லுங்கள். அடர்த்தியையும் வெப்பக் கடத்துத்திறனையும் எழுத்தில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தெர்மாகோலைக் காட்டி இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அது தண்ணீரை உறிஞ்சும், தளத்தின் எடையையும் தாங்காது. விலைப்பட்டியல் வந்ததும் படம் எடுத்து இங்கே போடுங்கள், நானும் மாமாவும் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.