கிழக்கிலிருந்து கொழும்புக்கு முதற்பயணம்: கடல் எந்தப் பக்கம் என்பதை முதலில் அறியுங்கள்

களுவாஞ்சிகுடியிலிருந்து

வைத்தியத்துக்காகவோ கடவுச்சீட்டுக்காகவோ நேர்முகப் பரீட்சைக்காகவோ முதன்முறையாகக் கொழும்புக்குப் புறப்படும் நம்மவர்களிடம் நாம் வழக்கமாகச் சொல்லி அனுப்புவது இரண்டே விடயங்கள்: இறங்க வேண்டிய இடத்தின் பெயர், ஏற வேண்டிய பஸ்ஸின் இலக்கம். அவ்விரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர், பஸ் ஒரு தரிப்பிடம் தள்ளி நின்றாலோ, வீதி மறிக்கப்பட்டு வேறு வழியால் திருப்பப்பட்டாலோ, அந்த இடத்திலேயே திசை தெரியாமல் நின்றுவிடுகிறார். அதனால்தான் இடப்பெயரைச் சொல்வதற்கு முன்பு நகரம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். அது கடினமானதன்று, வீட்டுத் திண்ணையில் இருந்தபடி பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

முதலில் கடலைச் சொல்லுங்கள். வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை, மேற்குக் கரையைப் படுவான்கரை என்று சூரியனை வைத்தே ஊரைப் பிரித்தறிந்து வளர்ந்தவர்கள் நாம். கல்முனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கி வரும்போது கடல் நமக்கு வலக்கைப் பக்கம் இருக்கும். வாவி இடக்கைப் பக்கம் வரும். சிறுவயதிலிருந்து உடம்பில் ஊறிப்போன இந்தக் கணக்கு, மேற்குக் கரையில் இருக்கும் கொழும்பில் அப்படியே தலைகீழாகிறது. அங்கே கரையோரமாகச் செல்லும் காலி வீதியால் வடக்கே கோட்டை என்னும் நகர மையத்தை நோக்கிப் போகும்போது கடல் இடக்கைப் பக்கம். தெற்கே தெஹிவளை நோக்கிப் போகும்போது வலக்கைப் பக்கம். எவரும் இதை எடுத்துச் சொல்லாததால், நம்மவர்கள் பலர் தெற்கே போகும் பஸ்ஸை வடக்கே போவதாக நினைத்துத் தரிப்பிடத்தில் காத்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

என் பெரியம்மாவைக் கண் சிகிச்சைக்காக அழைத்துச் சென்றபோது, வெள்ளவத்தையில் ஓர் உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். மாலையில் ஒழுங்கையால் இறங்கி மரைன் டிரைவ் வரை நடந்தோம். புகையிரதப் பாதைக்கு அப்பால் கருங்கற்களில் அலை மோதிக்கொண்டிருந்தது. சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அறுபது வயதைக் கடந்த பெரியம்மா, கடலில் சூரியன் உதிப்பதை மட்டுமே கண்டவர், சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “மனே, அப்ப கோட்டை எந்தக் கைப்பக்கம்?” என்று கேட்டார். கடலைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் என்றேன். அதன் பிறகு எங்கே இறங்கினாலும் அவர் முதலில் கடல் இருக்கும் பக்கத்தைத்தான் விசாரித்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியை அவரே எனக்குக் காட்டினார். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வேறு வழிகாட்டல் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வீதிகளைச் சொல்ல வேண்டும். கோட்டையும் புறக்கோட்டையும் சேர்ந்த பகுதியை விசிறியின் பிடியாக நினைத்துக்கொண்டால், அங்கிருந்து பிரதான வீதிகள் அதன் மடிப்புகளைப்போல விரிந்து செல்கின்றன. கரையோரமாகத் தெற்கே போவது காலி வீதி. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை எல்லாம் இதன் மேல் வரிசையாக இருக்கின்றன. தென்கிழக்கே கிருலப்பனை, நுகேகொடை, மகரகமை என்று போவது ஹைலெவல் வீதி. வடகிழக்கே கண்டி வீதி, வடக்கே நீர்கொழும்பு வீதி. பாணந்துறைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே ஓடும் 100 இலக்க பஸ்ஸும், மொரட்டுவைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே ஓடும் 101 இலக்க பஸ்ஸும் காலி வீதிக்கு உரியவை. ஆகவே போகும் இடம் எந்த வீதியில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவருக்கு, ஓர் இலக்க பஸ் வராவிட்டாலும் அதே வீதியில் போகும் இன்னொன்றில் ஏறத் தெரியும்.

ஒரு நுணுக்கத்தை மட்டும் மறவாமல் சொல்லுங்கள். கொள்ளுப்பிட்டிப் பக்கத்தில் காலி வீதியும் அதற்குச் சமாந்தரமாக உள்புறத்தில் ஓடும் டுப்ளிகேஷன் வீதியும் ஒருவழிப் பாதைகள். பஸ் போவது ஒன்றால், வருவது மற்றொன்றால். நம் ஊரில் இறங்கிய இடத்துக்கு நேர் எதிரே நின்று திரும்பும் பஸ்ஸை மறிப்பதுபோல அங்கே மறிக்க முடியாது. குறுக்குத் தெருவால் அடுத்த வீதிக்கு நடந்துபோக வேண்டும்.

முகவரியில் கொழும்பு என்ற பெயருக்குப் பின்னால் வரும் எண்ணையும் அலட்சியம் செய்யக் கூடாது. 1 முதல் 15 வரையான அந்த எண்கள் நகரின் பகுதிகளைக் குறிப்பவை. கோட்டை 1, கொள்ளுப்பிட்டி 3, பம்பலப்பிட்டி 4, வெள்ளவத்தை 6, பொரளை 8, மருதானை 10, புறக்கோட்டை 11, கொட்டாஞ்சேனை 13. ஒரே பெயரில் இரண்டு ஒழுங்கைகள் இருந்தாலும் இந்த எண் அவற்றைப் பிரித்துக் காட்டிவிடும்.

அக்கரைப்பற்றிலிருந்து

மேலே எழுதியவர் ஹைலெவல் வீதியைக் குறிப்பிட்டிருந்தார். அந்த வீதி நமக்கு அந்நியமானதன்று என்பதைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக அக்கரைப்பற்றையும் கல்முனையையும் கடந்து மட்டக்களப்பில் முடியும் ஏ4 நெடுஞ்சாலையின் தொடக்கப் பகுதிதான் அது. ஏறத்தாழ 430 கிலோமீற்றர் நீளமான அந்தச் சாலையின் இந்த முனையில் நம் வீடுகள் இருக்கின்றன. மறுமுனைக்கு அண்மையில் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. என் வாப்பாவை அங்கே கிளினிக்குக்கு அழைத்துச் சென்ற காலத்தில், “இது நம்மட ரோட்டுத்தான் வாப்பா” என்று நான் சொன்னபோது அவருடைய முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நோயாளியின் அச்சத்தில் பாதி, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத அச்சம் என்பதை அன்று உணர்ந்தேன்.

புறக்கோட்டையிலிருந்து மகரகமைக்கு 138 இலக்க பஸ் போகிறது; நகர மண்டபம், கிருலப்பனை, நுகேகொடை வழியாகச் செல்லும். காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் அலுவலகங்களுக்குப் போவோர் நெருக்கியடித்து ஏறுவார்கள். பிற்பகல் ஒன்றரை மணியளவில் பாடசாலை விடும் நேரத்திலும் வீதிகள் இறுகிவிடும். கிளினிக் இலக்கம் முந்திக் கிடைக்க வேண்டும் என்று நம்மவர்கள் அதிகாலையிலேயே புறப்படுவது இந்தக் காரணத்துக்காகவும் நல்லதுதான்.

கொழும்பு பஸ்ஸில் நடத்துனரின் கைகளைக் கவனித்துப் பாருங்கள். நோட்டுகளை நீளவாட்டில் மடித்து, தொகைவாரியாக ஒவ்வொரு விரலிடுக்கிலும் செருகி வைத்திருப்பார். மற்றக் கை மேல்கம்பியைப் பிடித்தபடி இருக்கும். நெரிசலுக்குள் ஐயாயிரம் ரூபாய் நோட்டை நீட்டினால் அவரால் உடனே மிச்சம் தர முடியாது. பிறகு தருகிறேன் என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விடுவார்; நாம் இறங்கும் அவசரத்தில் கேட்க மறந்துவிடுவோம். சில்லறை நோட்டுகளைச் சட்டைப் பையில் தனியாக வைத்திருப்பதும், ஏறியவுடனேயே இறங்கும் இடத்தைச் சொல்லி வைப்பதும் அவருக்கும் நமக்கும் இலகு.

ஒருநாள் 138இல் இடம் கிடைக்காமல் வாப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னிருக்கையில் இருந்த ஒரு சிங்கள மாணவி, தன் மடியிலிருந்த புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, ஒன்றும் பேசாமல் வாப்பாவின் கையைப் பிடித்து அமர வைத்தாள். வாப்பாவின் கையிலிருந்த கிளினிக் கொப்பியின் அட்டையை அவள் பார்த்திருக்க வேண்டும். மகரகமை வந்ததும் நடத்துனரிடம் உரத்த குரலில் சொல்லி, நாங்கள் இறங்கும்வரை பஸ்ஸை நிறுத்தி வைத்ததும் அவளே. மொழி தெரியாது என்பதற்காக வாய் திறக்காமல் இருந்துவிடாதீர்கள் என்று நம் பெண்களிடம் நான் இதனால்தான் சொல்கிறேன். கையிலிருக்கும் கடதாசியைக் காட்டினாலே உதவ முன்வருகிறவர்கள் அந்த நகரத்தில் நிறைய இருக்கிறார்கள்.

ஆனாலும் சிகிச்சை முடிந்து களைத்துப் போயிருக்கும் நோயாளியை பஸ்ஸில் நிற்க வைத்துக் கூட்டிவருவதை நான் ஏற்கமாட்டேன். அந்த நேரத்தில் காசைப் பார்க்க வேண்டாம், ஓட்டோ எடுங்கள். மீற்றர் பூட்டிய வண்டியா என்று பார்த்து, அது ஓடத் தொடங்கியதை உறுதிசெய்துகொண்டு ஏறுங்கள். வைத்தியசாலை வாசலில் நின்ற ஒரு சாரதி, எங்களைப் பார்த்தவுடன் வெளியூர் என்று கண்டுகொண்டு மீற்றர் பழுது என்றார். நாங்கள் பேசாமல் அடுத்த வண்டிக்குப் போனோம், அதில் மீற்றர் ஒழுங்காக ஓடியது. கைத்தொலைபேசியில் வாடகை வண்டி அழைக்கும் பிக்மீ அல்லது ஊபர் செயலி இருந்தால் கட்டணம் முன்கூட்டியே தெரியும். போகும் பாதையும் திரையில் தெரியும். பிள்ளைகள் ஊரிலேயே அதைத் தரவிறக்கி, பெரியவர்களுக்கு ஒருமுறை இயக்கிக் காட்டி அனுப்பலாம்.

வாழைச்சேனையிலிருந்து

அம்பாறை மாவட்டத்து உறவுகளுக்குப் புகையிரதம் இல்லை என்பதால் பஸ்ஸைப் பற்றியே பேச்சு போகிறது. மட்டக்களப்புப் பக்கத்தவர்களுக்காக நான் புகையிரதத்தைப் பற்றி எழுதுகிறேன். பொலன்னறுவை, கல்லோயா, மாகோ வழியாக வரும் நம் வண்டி, கோட்டைக்கு முன்பாக மருதானையில் நிற்கும். எல்லோரும் கோட்டையில்தான் இறங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். தேசிய வைத்தியசாலைக்குப் போகிறவருக்கு மருதானையே அண்மை. இரவு வண்டியில் வந்தால் விடிவதற்கு முன்பே இறங்க நேரிடும். வெளிச்சம் வரும்வரை நிலையத்துக்குள்ளேயே இருந்துவிட்டு, முகம் கழுவி, தேநீர் குடித்துப் புறப்படுவதுதான் முறை. தனியாக வரும் பெண்களுக்கு இதை நான் கட்டாயமாகவே சொல்வேன்.

பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் போகிறவர்கள் கோட்டை நிலையத்தை விட்டு வெளியேறவே தேவையில்லை. அங்கிருந்தே கரையோரப் புகையிரதத்தில் ஏறினால் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று வரிசையாக நிற்கும். காலி வீதியில் வாகனங்கள் நகராமல் கிடக்கும் மாலை நேரத்திலும் அது ஓடிவிடும். வலப்பக்க யன்னலில் கடல் தெரிந்தால் தெற்கே போகிறோம். இதுவும் களுவாஞ்சிகுடிக்காரர் சொன்ன கணக்குத்தான்.

கடவுச்சீட்டுக்கு வருகிறவர்கள் நகருக்குள் தேட வேண்டாம். குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் பத்தரமுல்லையில் சுஹுருபாய கட்டடத்தில் இருக்கிறது. கொள்ளுப்பிட்டியில் இருந்து கடுவெலைக்குப் போகும் 177, புறக்கோட்டையில் இருந்து மீகொடைக்குப் போகும் 190 ஆகிய இரண்டும் பத்தரமுல்லை வழியாகவே செல்லும். புறப்படுவதற்கு முன்பு, போகும் இடத்தின் பெயரையும் பஸ் இலக்கத்தையும் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதுவித்து எடுத்துச் செல்லுங்கள். நம் உச்சரிப்பு விளங்காவிட்டாலும் தாள் விளங்கும். வழி கேட்பதற்கு, நடந்து போகிறவர்களைவிட மருந்துக்கடைக்காரரையும் தேநீர்க்கடைக்காரரையும் நாடுவது நல்லது. அந்த இடத்திலேயே நாள் முழுவதும் இருப்பவர்கள் தெரியாத வழியைத் தெரிந்ததாகச் சொல்வதில்லை.

நடக்கும்போது திசை குழம்பினால் தாமரைக் கோபுரத்தைத் தேடிப் பாருங்கள். 350 மீற்றருக்கு மேல் உயர்ந்து பேரை வாவிக் கரையில் நிற்கும் அது, மத்திய கொழும்பின் பல வீதிகளிலிருந்து தெரியும். கோட்டை, புறக்கோட்டை, மருதானை மூன்றும் அதற்கு அண்மையில்தான் இருக்கின்றன. இரவிலும் விளக்கொளியில் அடையாளம் தெரிவதால் என் தம்பியைப் போன்ற இளைஞர்கள் கைத்தொலைபேசி வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

பொத்துவிலிலிருந்து

எல்லோரும் போவதைப் பற்றி எழுதிவிட்டீர்கள். ஊருக்குத் திரும்புவதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. கிழக்குக்கான இரவு பஸ்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதில்லை. அரச பஸ்ஸுக்கு ஓர் இடம், தனியாருக்கு வேறோர் இடம். வெள்ளவத்தைப் பக்கத்தில் ஆட்களை ஏற்றிக்கொள்ளும் சொகுசு பஸ்களும் உண்டு. ஆசனம் பதிவு செய்யும்போதே ஏறும் இடத்தின் பெயரையும், அருகில் உள்ள ஒரு கடையையோ கோயிலையோ பள்ளிவாசலையோ கேட்டு, பயணச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நடத்துனரின் தொலைபேசி இலக்கத்தையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மாலை நெரிசலில் புறக்கோட்டையை அடைய நினைத்ததைவிட அதிக நேரம் எடுக்கும். பஸ் புறப்படும் நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னதாகவே தங்குமிடத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.